முதுகு கிழிச்ச சட்டை

— கைய நீட்டுய்யா. சர்தார் பாய் ஆட்டோவ வச்சிக்கினு வாசல்ல நிக்கிறாரு.

— வாணாம் லூர்து. அந்தச் சட்டைய எடுத்துக்கினு போ.

— இன்னாய்யா இது. போன வாரம் சாதா சட்டைய மாட்டச்சொல்ல, வெளங்காத அந்தக் கை தோள்லேர்ந்து எறங்கிப்போச்சு. நீ கத்துனது குப்பம் பூரா கேட்டுச்சு. இன்னொரு வாட்டி எறங்குனா கை அவ்ளோதான்னு டாக்டர் சொல்லிக்கிறாரு.

— அதுக்காக? இது இன்னா சட்டைன்னு எனக்குத் தெரியாதா? இந்தக் குப்பத்துல செத்தவனுக்கெல்லாம் துணி மாட்டி வுட்டவன் நானு. வெறைச்ச கை மடங்காது. சட்டைய முதுகுப் பக்கம் நெடுக்க கிழிச்சு, முன்னாலேர்ந்து மாட்டித்தான் பொட்டில வைப்பேன்.

— தெரியும்.

— உங்கப்பனுக்கும் நான்தான் மாட்டுனேன்.

— தெரியும்யா. முதுகு தெறந்தா மாதிரி ஒரு சட்டை தைக்கணும்னு பெசன்ட் நகர் டெய்லராண்ட சொன்னேன். பொணத்த எப்ப எடுக்குறீங்கன்னு கேட்டான். திரும்பி வந்து நானே தச்சேன்.

— பாத்தியா? அவனே கேட்டுட்டான்.

— அப்ப வெறும் ஒடம்போட வா.

— ஊரே பாக்க அப்டி வரமாட்டேன்.

— லூர்தக்கா, ஜல்தி. கிண்டி சிக்னல்ல மாட்டுனா டாக்டர் பூடுவாரு.

— ஒரு நிமிஷம் சர்தார் பாய்.

— அவர அனுப்பிடு லூர்து.

— போன வாட்டியும் அனுப்புனோம். எக்சர்சைஸ் இல்லாம அந்தக் கை கட்டையாப் போய்க்கினு கீது. உன்னத் தொடவே பயமா கீதுய்யா. துணி மாத்தணும்னாலே எங்க ஒடைச்சிடுவனோன்னு தள்ளிப் போடுறேன். வெடிஞ்சா ஏன்டா வெடிஞ்சுதுன்னு கீது. என்னால முடியல.

— எனக்கு மட்டும் முடியுதா? இத மாட்டிக்கினா, நான் பொணம்னு நானே ஒத்துக்கினா மாதிரி.

— சரி, ஒண்ணு கேக்குறேன், சொல்லு. செத்தவனுக்கு மாட்டுனப்புறம், முதுகுல கிழிச்சத இன்னா பண்ணுவ?

— இன்னா பண்றது? அப்டியே வுட்டுடுவேன்.

— தச்சு மூட மாட்ட?

— எதுக்கு? எவன் எழுந்து உக்காரப் போறான்?

— இந்தா, நல்ல கையால இதத் தடவிப் பாரு.

— இன்னாது, சொரசொரன்னு?

— ஸ்கூல் ஷூவுல வருமே, அந்த ஒட்டுப்பட்டி. கழுத்துலேர்ந்து இடுப்பு வரிக்கும் வச்சிக்கிறேன்.

— இவ்ளோ எதுக்குடி?

— நீ எழுந்து உக்காரச்சொல்ல, முதுகு தெரியக்கூடாதுல்ல.