சோப்பு வாடை

— ஏனுங்க, ஃப்ரீசர் ஏன் இப்படித் தொடச்சு உட்டாப்பல கெடக்குது?

— அம்மணி, மொதல்ல கைகால் கழுவிப்போட்டு வா. பஸ்ல வந்த கையோட புள்ளையத் தொடாதே.

— கழுவறது இருக்கட்டுங்க நங்கையா. என்ற பாலெல்லாம் எங்கீங்க? காலைல ஆபீசுக்குப் போறப்ப பாக்கெட் பாக்கெட்டா அடுக்கி வெச்சிருந்தேன். இப்ப ஐஸ் ட்ரேயும் பட்டாணிக் கவரும்தான் இருக்குது.

— கொட்டிப்போட்டேன்.

— என்னதுங்க?

— கெட்டுப்போச்சு. கொட்டிப்போட்டேன். கால் படற எடத்துல ஊத்தல, சாமி. ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில கருவேப்பலச் செடியடில ஊத்துனேன்.

— எத்தன பாக்கெட்டுங்க?

— எல்லாத்தையும்.

— எல்லாத்தையுமா! அதென்ன மோருங்களா, நாளைக்கு மறுக்காக் கடைஞ்சுக்க? ரெண்டு மாசமாச் சேத்துன பாலுங்க அது. பாப்பா தூங்கறப்ப நீயும் தூங்குன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் தூங்குனனா? பம்ப்ப மாருல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். லீவு முடிஞ்சு வேலைக்குப் போனா எம் புள்ளைக்குக் கொறை வரக்கூடாதுன்னு சொட்டுச் சொட்டாச் சேத்துனேன். வேலைக்குப் போன மொத நாளே கொட்டிட்டீங்க!

— நீ சொன்ன மாதிரிதான் எல்லாம் செஞ்சேன். பழைய தேதி போட்ட பாக்கெட்ட மொதல்ல எடுத்தேன். அடுப்புல வெக்கல, வெதுவெதுப்பான தண்ணீலதான் வெச்சேன். மேல ஆடையாட்ட ஒதுங்கி நின்னுச்சு. பயந்துக்காதீங்கன்னு நீ சொல்லியிருந்தியல்ல, லேசாச் சுத்துனேன், கலந்துருச்சு. பாட்டில்ல ஊத்தறப்பத்தான் வாடை வந்துச்சு.

— என்ன வாடை?

— சோப்பு வாடை. துணி தொவைக்கற சோப்பாட்ட.

— அட கடவுளே! அதுக்கா கொட்டுனீங்க?

— அதுக்குத்தான். இன்னொண்ண எடுத்து வெச்சேன், அதுலயும் அதே வாடை. மூணாவதுலயும் அதே. அப்பறம் ஒண்ணையும் உட்டு வெக்கல. மத்ததெல்லாம் வெயில்ல வெச்சு உருக உருக ஊத்துனேன்.

— எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லீங்க! ஆபீஸ் என்ன அமெரிக்காவுலயா இருக்குது? பக்கத்துல கணபதிலதான இருக்குது!

— போன் பண்ணுனா நீ கொட்டாதீங்கம்பே.

— அப்பத் தெரிஞ்சேதான் கொட்டியிருக்கறீங்க!

— சத்தம் போடாதே. புள்ள முழிச்சுக்குவா.

— முழிக்கட்டும்! பகலெல்லாம் என்ன குடிச்சா அவ?

— கடையில டின் பவுடர் வாங்கியாந்தேன். தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சு ஆத்திக் கலக்கிக் குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சா, மிச்சத்தத் துப்பிப்போட்டா. அழுது அழுது இப்பத்தான் சித்த கண்ண மூடியிருக்கறா.

— நீங்களே சொல்லுங்க நங்கையா, ஆரக் கேட்டுச் செஞ்சீங்க? பவுடர் குடுத்தது தப்புன்னு சொல்லல. டாக்டரம்மா சொல்லியிருந்தா நானே வாங்கித் தந்திருப்பேன். என்னயக் கேக்காமக் கொட்டுனீங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல. இப்ப நான் ஊட்டுல இருக்கறேன், எடுத்துக் குடுத்துருவேன். நாளைக்கு? ஆடிட் நடக்கற நேரத்துல நாளைக்கு நான் எப்படிங்க போவேன்?

— போகாதே.

— ஓஹோ. அப்ப அதுக்குத்தானா இதெல்லாம்? நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் புடிக்கல. நேரா மூஞ்சியப் பாத்துச் சொல்லிப்போட வேண்டியதுதான!

— அப்படிச் சொல்லாதே அம்மணி. காலைல உன்ற டிபன் பாக்ஸக் கட்டிக் கையில குடுத்தவ நாந்தான்.

— டிபன் பாக்ஸ் குடுத்தா? அதுக்குன்னு என்ன வேணும்னாலும் பண்ணுவீங்களா? பாரு, இப்பவும் கல்லாட்ட நிக்கறது!

— மருவாதி கொறையுது அம்மணி.

— கொறையட்டும்! எம் புருசனுக்கு நீங்க அக்கா, எனக்கு நங்கையா. தாயில்லாத ஊட்டுல அவரத் தூக்கி வளத்தவங்க. அதனால இத்தன நாளா ஒரு வார்த்த எதுத்துப் பேசல. ஆனா இது என்ற ஒடம்புல இருந்து வந்தது. இதோட வலி பெத்தவளுக்குத்தான் தெரியும். பெறாதவங்களுக்கு என்ன தெரியும்!

— பெறாதவன்னு உனக்கு ஆரு சொன்னா?

— ஆரும் சொல்லலீங்க.

— எந் தம்பி சபரீஷ் சொன்னானா?

— அவரு உங்களப் பத்தி ஒண்ணுமே சொன்னதில்லீங்க. நங்கையா, நான் ஏதோ கோவத்துல...

— அவனுக்குத் தெரியாது. அப்ப ஒண்ணாவது படிச்சிட்டிருந்தான். நானும் பெத்தவதான் அம்மணி. பொம்பளப் புள்ள. ஏழாம் மாசத்துலயே பொறந்துட்டா. கோயமுத்தூரு ஆஸ்பத்திரில கண்ணாடிப் பொட்டில வெச்சிருந்தாங்க. என்னைய மட்டும் தொண்டாமுத்தூருக்கு, எம் மாமியா ஊட்டுக்குக் கூட்டியாந்துட்டாங்க. புள்ளைக்கு உறிஞ்சத் தெம்பில்ல. நான் பீச்சிக் குடுப்பேன். ஊட்டுல பிரிட்ஜ் இருந்துச்சு, அதுல வெச்சு, மறுநா விடிய எம் ஊட்டுக்காரரு ஐஸ் போட்டு பஸ்ல கொண்டு போவாரு.

— நங்கையா...

— கேளு. நீ பேசுனயல்ல, இப்ப நான் பேசறேன். ஒரு நா எம் மாமியா பாட்டில் மூடியத் தொறந்து மோந்து பாத்தாங்க. சோப்பு வாடை. நானும் மோந்து பாத்தேன். ஆமா, சோப்பு வாடைதான். இவ பாலு வெசம்டான்னாங்க. அன்னையோட நிறுத்திப்போட்டாங்க. மல்லியப்பூவ வெச்சு மாருல கட்டி உட்டாங்க, பாலு வத்தட்டும்னு. அந்தப் பூ வாடையும் போகல, பாலும் சீக்கிரம் வத்தல.

— பாப்பா?

— செத்துப்போனா. முன்னால நாலஞ்சு நாளு இவ பாலக் குடிச்சாளல்ல, அது உள்ள போயிக் கொன்னுபோட்டுச்சுன்னாங்க. ஒறம்பரை சனம் மொத்தமும் அதயேதான் சொல்லுச்சு. அவரும் என்னைய இங்க பொறந்த ஊட்டுக்கே தாட்டி உட்டுட்டாரு. நானும் நம்புனேன். இன்னைக்கு மத்தியானம் அந்த வாடை மூக்குல ஏறுச்சு பாரு, பாட்டிலக் கீழ வெச்சுப்போட்டேன். நம்ம புள்ள ரித்திகாவையும் இதே கையால கொன்னுபோடுவனோன்னு... நீ என்னைய என்ன வேணும்னாலும் திட்டிக்கோ. எனக்கு அந்த வாடை தெரியும்.

— உக்காருங்க. மொதல்ல இப்படி உக்காருங்க.

— நீ என்ன தேடறே?

— பட்டாணிக் கவருக்கு அடியில ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்குது. இது மட்டும் உங்க கையில சிக்கல. ஒரு கிண்ணத்துல வெந்நி ஊத்துங்க. கொதி வேண்டாம், கை பொறுக்கற சூடு போதும்.

— வேண்டாம் அம்மணி. சொன்னாக் கேளு.

— ஊத்துங்கன்னா ஊத்துங்க! ம். உருகட்டும். இப்ப மோந்து பாருங்க.

— அதே வாடைதான்.

— அதேதான். போன வாரம் நானும் மோந்துட்டு, எல்லாம் போச்சேன்னு டாக்டரம்மாகிட்ட ஓடுனேன். அவங்க சிரிச்சாங்க. கொழுப்பக் கரைக்கற சத்து ஒண்ணு பாலுலயே இருக்குதாம். சில பேருக்கு அது அதிகமா இருந்தா, எடுத்து வெச்ச பாலு சோப்பாட்ட வாடை அடிக்குமாம். பாலு கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லயாம், தாராளமாக் குடுன்னாங்க. எல்லாஞ் சொன்ன நானு, இத மட்டும் உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன்.

— கெட்ட பாலு பின்ன எப்படி இருக்குமாம்?

— புளிச்ச நாத்தம் அடிக்கும். எத்தன சுத்துனாலும் கலக்காம திரிதிரியா நிக்கும். இதப் பாருங்க, கலந்துருச்சா? நானே ஒரு வாய் குடிக்கறேன்.

— ஐயோ, மோகனா!

— ஒண்ணும் ஆகலீங்க. பாருங்க, உங்க சத்தத்துல முழிச்சுட்டா. வாடா கண்ணு, வா. பாட்டில்ல ஊத்திட்டேன் நங்கையா. நீங்களே குடுங்க.

— நானா? நான் மாட்டேன்.

— சரி, நானே குடுக்கறேன். பாருங்க, எப்படிக் குடிக்கறாள்னு.

— மொடக்கு மொடக்குன்னு குடிக்கறா.

— நங்கையா, நான் ஒண்ணு கேக்கறேன். உங்க பாலு திரிஞ்சு இருந்துச்சுங்களா?

— இல்ல.

— புளிச்சுதுங்களா?

— இல்ல அம்மணி. சோப்பு வாடை மட்டும்தான்.

— போற வழில ஐஸ் உருகிப்போச்சுங்களா?

— ஆஸ்பத்திரி போயித் தொறக்கறப்பக் கூட ஐஸ் கட்டியாக் கெடக்கும்னு அவரு சொல்லுவாரு.

— ஆஸ்பத்திரில ஆராச்சும் அது வேண்டாம்னாங்களா?

— வேண்டாம்னா? நர்சம்மா வாங்கிப் பாத்துப்போட்டு, நல்ல பாலு, நாளைக்கும் கொண்டாங்கன்னுதான் சொல்லி உட்டாங்களாம். எம் மாமியாதான்...

— சொல்லுங்க.

— எம் மாமியாதான் நர்சுக்கு என்ன தெரியும்னாங்க.

— உங்க பாப்பா ஏன் போனாள்னு எனக்குத் தெரியாதுங்க. கொறைமாசப் புள்ள, எதுனாலயும் இருந்திருக்கலாம். ஆனா இந்த வாடையால இல்லீங்க நங்கையா. இந்த வாடை ஆரையும் கொல்லாது. நல்ல பால நிறுத்துனதுமில்லாம, பழிய உங்க தலைல போட்டு, தாட்டியும் உட்டிருக்கறாங்க. என்ன மனுசங்க! என்ன மனுசங்கன்னு கேக்கறேன்! எங்கீங்க எந்திரிக்கறீங்க? எதுக்குச் சீல மாத்தறீங்க?

— தொண்டாமுத்தூருக்குப் போறேன்.

— இப்பவா? அங்க ஆருங்க இருக்கறாங்க?

— எம் மாமியா இருக்கறாங்க. படுத்த படுக்கைதான், ஆனா காது நல்லாக் கேக்குதாம்.

— இத்தன வருசம் கழிச்சுப் போயி என்னங்க பண்ணப் போறீங்க?

— எம் பாலாலதான் புள்ள செத்துச்சுன்னு அன்னைக்கு அந்தம்மா கால்ல உழுந்து மன்னிப்புக் கேட்டேன் அம்மணி. அந்த மன்னிப்பத் திருப்பி வாங்கிட்டு வாரேன்.