நடு நாற்காலியில உக்காந்தவர்

நான் சொன்னா தப்பாத்தான் சொல்லுவேன் தங்கச்சி, முன்னாடியே சொல்லிடுறேன். அஞ்சாவதோட நின்னவ. வாலைச் சொல்லிட்டுத் தலைக்கு வருவேன். ஆனா தப்பு இந்த ரூம் மேலதான்! நூலகம்னா புஸ்தகம் இருந்தாப் போதாதா? ‘வட்டார வரலாற்று அறை’ன்னு போர்டு மாட்டி, பழைய போட்டோவையெல்லாம் சேத்து வச்சு, ‘வாங்க, உங்க முன்னோரை அடையாளம் காட்டுங்க’ன்னு கூப்பிட்டா... மனுஷி சும்மா இருப்பாளா?

நல்லா உக்காரு. உள்ள இருக்கிற கண்ணாடிக்காரத் தம்பி ஒரு பேரைத் தேட ஆரம்பிச்சா, டீ ஆறி ஆடை கட்டிடும்.

எங்க வீட்டுக்காரரோட தாத்தா ஆத்துப்பாலம் கட்டுன ஆளு. அது நெஜம். பாலம் முடிஞ்சதும் எல்லாரையும் நிக்க வச்சு எடுத்த படத்துல அவரும் இருக்கார். எந்த மூஞ்சின்னுதான் யாருக்கும் தெரியாது. தெரியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம். கூட என் ஓரகத்தி வந்திருந்தாளே! தான் பொறந்த வீட்டுத் தாத்தா குதிரை வண்டியில உக்காந்திருக்கிற படத்தைக் காட்டிட்டு, ‘நாம வாக்கப்பட்ட வீட்டுல மண்ணு சுமந்தவங்கதானே’ன்னா. பத்திக்கிட்டு வந்துச்சு. பாலத்துப் படத்துல நடு நாற்காலியில, முறுக்கு மீசையோட, கைத்தடி புடிச்சு ஒருத்தர்... ‘இவர்தான்’னுட்டேன். தம்பியும் அடியில எங்க குடும்பப் பேரை அச்சடிச்சு ஒட்டிடுச்சு. அந்தப் படத்தை ஒரு காப்பி எடுத்து வீட்டுலயும் மாட்டினோம். அதைப் பாத்து வீட்டுக்காரர் மீசை வளத்தார். ஒட்டவே இல்ல.

இப்ப என் பொண்ணுக்கு வரன். பையனுக்கும் அவளுக்கும் அவ்வளவு புடிச்சுப்போச்சு. சம்பந்தம் பேச வந்தாங்க. பையனோட அப்பா சுவத்தைப் பாத்தார். ‘எங்கப்பாவைப் பெத்தவர் இங்க எப்படி?’ன்னார். இவர் நெஞ்சை நிமித்திக்கிட்டு, ‘எங்கப்பாவைப் பெத்தவர்’ங்கிறார்!

அப்புறம் என்ன? ஒரே தாத்தான்னா நாங்க பங்காளி. பையன் என் பொண்ணுக்கு அண்ணன் முறை! தட்டுல வச்சது வச்சபடி இருக்க, எழுந்து போயிட்டாங்க. அங்க, தாத்தாவுக்கு இன்னொரு வீடு இருந்துச்சான்னு பெரிய ரகளையாம். இங்க பொண்ணு சோறு தண்ணி தொடல. வீட்டுக்காரர் மட்டும், ‘விட்டுப்போன சொந்தம் கெடைச்சிருக்கு’ன்னு பூரிச்சுக் கெடக்கார்!

என்ன அப்படிப் பாக்குறே? உண்மையச் சொல்லணுமா? ஓரகத்திக்குத் தெரிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பா. அதான் காலையிலயே வந்து, ‘தம்பி, அன்னைக்குக் கண்ணாடி போடாம பாத்துட்டேன், அவரு இல்ல’ன்னேன். அது பேனாவை எடுத்துக்கிட்டு, ‘அப்ப உங்க தாத்தா யாரும்மா?’ன்னு கேக்குது!

ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன். எது மேலயும் விரலை வைக்காம நகந்துக்கிட்டே போனேன். எவருக்கு எந்த ஊர்ல பேரன் இருக்கானோ! கடைசி வரிசை ஓரத்துல ஒருத்தர். படம் எடுக்கிறப்ப தலைய ஆட்டிட்டார் போல, கழுத்துக்கு மேல வெறும் புகை. மூக்கும் இல்ல, முழியும் இல்ல.

அவர் மேல விரலை அழுத்தி வச்சு, ‘இவரேதான் தம்பி... எங்க வீட்டுக்காரர் ஜாடை அப்படியே இருக்கு பாரு!’ன்னுட்டேன்.