எந்தப் பக்கம் நிக்கிறது?

பிள்ளைங்களா, புதுக் கோட்டு கசங்காம உட்கார்ந்திருக்கீங்க... பின்னாடி உங்க அப்பா அம்மா, இது என்ன படிப்புன்னே புரியாம உட்கார்ந்திருக்காங்க. சரி, புரியாதவங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரு சின்னக் கதை சொல்றேன்.

பூங்கோதைன்னு ஒரு பொண்ணு. உங்க படிப்புதான். ஒரு ஆஸ்பத்திரில பிசியோதெரபி உதவியாளரா புதுசா சேர்ந்தா. முதல் நோயாளி யாரு? சிங்காரவேலு. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். ஓடுற பஸ்ல கம்பியைப் பிடிக்காம டிக்கெட் கிழிச்ச மனுஷன். இப்போ பக்கவாதம்... இடது கை, இடது கால் வரலை.

தெரபிஸ்ட் மேடம் சொன்னாங்க: "பூங்கோதை, அவரை நடக்க வை. இடது பக்கம் நில்லு."

போய் நின்னா. அவரு முறைச்சாரு. "ஏம்மா, ஒரு பொண்ணுகிட்டப் போயி இடது கையையா குடுப்பாங்க? மரியாதை வேணாம்? இந்தப் பக்கம் வா!" வலது கையை நீட்டினாரு.

நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?... அதையேதான் அவளும் செஞ்சா. வலது கையைப் பிடிச்சா. ரெண்டு எட்டு... மனுஷன் இடது பக்கம் சாயறாரு! இவ இழுக்கிறா... நிக்கலை. மேடம் ஓடி வந்து தாங்கலைன்னா இடுப்பு எலும்பு போயிருக்கும்.

மேடம் திட்டினாங்க: "சொன்ன பக்கம் நிக்க மாட்டியா?" மறுநாள் இடது பக்கம் நின்னா. அவரு திட்டினாரு: "இந்தப் பொண்ணு வேணாம், வேற ஆளை அனுப்புங்க!" அந்தப் பக்கம் நின்னா இவங்க... இந்தப் பக்கம் நின்னா அவரு... பாவம், என்னதான் செய்வா? வெளியே போய் அம்மாவுக்கு போன் போட்டு அழுதா. "அம்மா, என் வேலை என்னன்னே எனக்குப் புரியலை. விட்டுட்டு வந்துடட்டுமா?"

அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "எனக்கு மட்டும் புரிஞ்சுதாடி?... சாப்பிட்டியா?"

கண்ணைத் துடைச்சுக்கிட்டு உள்ளே வந்தா. இடது பக்கமே நின்னா. அவரு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, வலது கையால சுவத்துக் கம்பியைப் பிடிச்சு எட்டு வெச்சாரு... இன்னொரு எட்டு... சாஞ்சாரு. சாஞ்ச இடத்துல இவ தோள் இருந்துச்சு. விழலை.

திருப்பின மூஞ்சியை இவ பக்கம் திருப்பினாரு. கேட்டாரு: "ஏம்மா... நான் இந்தப் பக்கம்தான் விழுவேன்னு எனக்கே தெரியலையே?"

அவரோட இடது கையை இவளே எடுத்துப் பிடிச்சுக்கிட்டா. அவரு வேணாம்னு சொல்லலை.

பெத்தவங்களே, உங்களுக்கும்தான் சொல்றேன். சிங்காரவேலு வலது கையை நீட்டின மாதிரி, வீட்டுக்காரர் கோபத்தை நீட்டுறாரு. மகன் 'எனக்கு எல்லாம் தெரியும்'னு நீட்டுறான். நாமளும் அதையே பிடிச்சு இழுத்துக்கிட்டிருக்கோம்! வராத கையை யாராவது நீட்டுவாங்களா? எனக்கே என் வீட்டுல எந்தப் பக்கம் நிக்கணும்னு இன்னைக்கு வரைக்கும் குழப்பம்தான்... போற பக்கமெல்லாம் திட்டு. ஆனா விழுற பக்கம் யாராவது நிக்கணும்ல? போய் நில்லுங்க, பிள்ளைங்களா.