இருமலுக்காக விசாரிக்கப்பட்ட இன்குரலுக்கு

பேரவையின் பெருங்குரலே! பிறழாத நாவே! மசோதாக்களை அவையில் உரக்கப் படிக்கும் வாசிப்பு எழுத்தராய் இருபத்தாறு ஆண்டுகள் வீற்றிருந்து, இன்று விடைபெறும் வினிஃப்ரெட் ஹாகன் அம்மையே! வணக்கம்.

மலைப்பாதையைப் பனி மூடிய நாளிலும் தங்கள் நாற்காலி காலியாய்க் கிடந்ததில்லை. ஆற்றுநீர் மசோதாவோ, மாநில மீனைத் தேர்ந்தெடுக்கும் தீர்மானமோ, எவர் கொணர்ந்தாலும் ஒரே குரல். ஏற்றமில்லை, இறக்கமில்லை, எப்பக்கமும் சாய்வில்லை.

ஆனால் கருக்கலைப்புத் தீர்மானம் வந்தால் பேரவை இரண்டுபடும். அது சட்டமன்று, வாஷிங்டனுக்கு நம் விருப்பத்தைத் தெரிவிக்கும் தாள், அவ்வளவே. ஆயினும் பார்வையாளர் மாடம் பிதுங்கும், பக்கத்து இருக்கைக்காரர் பகையாளி ஆவார். சென்ற ஆண்டு அதைக் கட்டடம் அதிரும் கூச்சலுக்கிடையே வாசிக்கையில், "கருவுற்ற பெண்" என்ற இடத்தில் தாங்கள் இருமினீர்கள். போதாதா? "நையாண்டி பண்றாங்க!" என்றனர் ஆதரித்தோர். "இல்ல, வேணும்னே அழுத்திப் படிக்கிறாங்க!" என்றனர் எதிர்த்தோர். எதிலும் ஒத்துப்போகாத இரு கட்சிகளும் தங்களை நீக்குவதில் மட்டும் ஒத்துப்போயின. அங்கேயே விசாரணை தொடங்கி, நீக்கும் முன்மொழிவும் வந்தது.

"சளிங்க. சளிக்குக் கட்சி கிடையாது" என்றீர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போது, தீர்மானத்தைக் கொணர்ந்த உறுப்பினர் கெய்ல் ஸ்டோடார்ட் தாமே எழுந்தார். "போன குளிர்காலம் என் பிள்ளை வயித்துலயே போயிடுச்சு. இந்தம்மா மேஜைக்குத்தான் போய் அழுதேன். ஏன் தெரியுமா? இவங்க எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது."

அவர் அமரும் முன்னே எதிர்வரிசையில் டார்லீன் கோப்ரிவா எழுந்தார். "பத்தொம்பது வயசுல நான் கலைச்சேன். இந்தக் கட்டடத்துல அதை ஒருத்தர்கிட்டதான் சொல்லியிருக்கேன். அது இவங்க. இதுவரைக்கும் வேற ஒரு காதுக்கும் போகல."

நீக்கும் முன்மொழிவு அங்கேயே திரும்பப் பெறப்பட்டது. அப்பாடா! போன உயிர் எங்களுக்குத் திரும்பி வந்தது. தீர்மானத்தின்மீது அவ்விருவரும் எதிரெதிராகவே வாக்களித்தனர். அதையும் தாங்கள் அதே குரலில்தான் அறிவித்தீர்கள்.

அம்மையே! பக்கம் சாயக் கூடாதென்ற பணிவிதி இன்று மாலையோடு தங்களை விடுவிக்கிறது. இனி மனத்திலுள்ளதை ஊரறியச் சொல்லலாம், ஊர்வலம் போகலாம், வாசலில் பதாகையும் நடலாம். நோயற்ற உடலும் நூறாண்டு ஆயுளும் பெற்று, வேண்டுமட்டும் மீன்பிடித்து மகிழ்ந்து வாழ்க!

ஒரே ஒரு வேண்டுகோள். எந்தப் பக்கம் என்பதை எங்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். என்றேனும் ஒருநாள் நாங்களும் தங்களிடம் வந்து அழ வேண்டியிருக்கும்.

அன்பு மாறா,
இரு கட்சிகளுக்கும் வாக்களிக்கும்
பேரவைச் செயலகப் பணியாளர்கள்