போன மாதம் போலவே

உண்மைக்கு நான் கேட்ட விலை ஒரு டீ. நீங்கள் மறுபேச்சில்லாமல் வரவழைத்துவிட்டீர்கள். அதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம், ஐயா. பேரம் பேசாமல் கொடுப்பவரைப் பார்த்தால், குறைத்துக் கேட்டுவிட்டோமோ என்று மனசு அரிக்கும். நான் வளர்ந்தது மொத்த விலைத் துணிக்கடைகள் நெருக்கியடித்த தெருவில். எங்கள் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட, 'சொம்பாக எடுத்தால் கட்டுப்படியாகும், டம்ளராக எடுத்தால் உனக்குத்தான் நஷ்டம்' என்பார்கள். ஆனால் வாய்விட்டுச் சொன்ன விலையைப் பிறகு ஏற்றுவது எங்கள் தெருவில் அசிங்கம். ஆகவே ஒரு டீக்கு உள்ளதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்ப்பது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில். லிஃப்டைத் தொட்டதில்லை. என் வேலை கம்ப்யூட்டர் முன்னால். முப்பத்தேழு லிஃப்டுகளை மெக்கானிக்குகள் மாதாமாதம் சோதிக்க வேண்டும். கயிற்றின் கனம், பிரேக், கதவுப் பூட்டு என்று அளந்து எங்கள் எக்செல் கோப்பில் அடிக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு ஷீட். அளவு சரியாக இருந்தால் கட்டம் பச்சையாகும், தவறினால் சிவப்பாகும். மாதம் பிறந்ததும் அந்த ஷீட் அரசாங்கத்தின் பாதுகாப்புத் துறைக்குப் போகும்.

இதில் என்ன தொல்லை என்றால், மெக்கானிக்குகள் அடிக்க மாட்டார்கள். மாதக் கடைசியில் ஒவ்வொருவரையும் போனில் கெஞ்சுவேன். 'போன மாசம் என்ன போட்டோமோ அதையே போட்டுக்க சார், இரும்பு என்ன இளைச்சா போயிடும்' என்பார்கள். யோசித்துப் பார்த்தேன், நியாயமாகத்தான் பட்டது. எக்செல்லுக்குள் தானாக ஓடுகிற ஒரு மேக்ரோ எழுதினேன். கோப்பைத் திறந்தவுடன், போன மாத ஷீட்டில் பி4 முதல் எச்40 வரை உள்ள கட்டங்களை எடுத்து, இந்த மாத ஷீட்டில் அதே இடத்தில் ஒட்டிவிடும். அவ்வளவுதான், ஐயா. எடு, ஒட்டு. நாலே வரி. ஒன்றாம் தேதி திறந்தால், முடிந்த மாதத்து ஷீட்டைத் துறைக்கு மெயிலும் செய்துவிட்டு, புது மாதத்துக்கு ஒரு ஷீட்டைப் பிறக்க வைத்து, அதிலும் ஒட்டிவிடும்.

முதல் மாதம் எல்லாம் பச்சை. மேனேஜர் என் தோளில் கை வைத்தார். அந்த மனிதர் அதற்கு முன் கை வைத்தது என் சம்பளத்தில் மட்டும்தான். அடுத்த மாதமும் பச்சை. அதற்கடுத்ததும். 'வருஷம் முழுக்கப் பச்சை காட்டினா ஊர்ல இருக்கற அரசாங்கக் கட்டடம் பூரா நமக்குத்தான்யா' என்றார். எனக்கு ஓர் அறை தருவதாகச் சொன்னார். கதவு வைத்த அறை. பதினாறு பேர் இருமுகிற, தும்முகிற, மாமியாரைத் திட்டுகிற கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவனுக்குத்தான் கதவின் அருமை தெரியும்.

மெக்கானிக்குகளுக்கும் சந்தோஷம். ஒருவருக்கு மட்டும் இல்லை. அவர் என் தங்கையின் புருஷன். கம்பெனியில் அவருக்கு டார்ச் என்று பெயர். பட்டப்பகலிலும் டார்ச்சை அடித்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டு மின்மீட்டரைத்தான் முதலில் பார்த்தார். தங்கமான மனிதர். அந்த வேலையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

"மச்சான், நான் ஒரு நம்பர் போடறேன். மறுநாள் பார்த்தா வேற நம்பர் இருக்கு."

"கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு மாப்பிள்ளை. சேவ் ஆகியிருக்காது."

"மூணு தடவையா?"

"நீங்க லிஃப்டைப் பாருங்க, நான் கம்ப்யூட்டரைப் பார்க்கறேன். ஆளுக்கொண்ணு. சரியா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்கு என்மேல் மரியாதை. பொய் சொன்னேனா என்று கேட்காதீர்கள். கம்ப்யூட்டர் ஸ்லோ என்பது எங்கள் அலுவலகத்தில் எந்த நாளும் உண்மை.

ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. எச் நெடுவரிசைக்கு அடுத்தது ஐ. அதற்குத் தலைப்பு 'குறிப்பு'. யாரும் அதில் எதுவும் எழுதியதில்லை. அதனால் என் மேக்ரோ அந்தப் பக்கம் போவதில்லை. எச்சோடு நின்றுவிடும். இவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். எண்கள் மாறுகின்றன, குறிப்பு அப்படியே நிற்கிறது. அந்த இடத்தில் எழுதிவிட்டார். ஏழு மாடிக் கட்டடம், பழைய லிஃப்ட். 'கயிற்றில் புரி விட்டுப்போயிருக்கிறது. உடனே மாற்றணும். அதுவரை ஓட்டக் கூடாது.' குறிப்பில் எதை எழுதினாலும் அந்த வரி முழுக்கச் சிவக்கும்படி முன்பு நானே செய்து வைத்திருந்தேன். சிவந்தது.

அன்று மாலை போன் செய்தார்.

"எழுதியிருக்கேன் மச்சான். பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மாப்பிள்ளை."

"நானா நிறுத்த முடியாது. ஆபீஸ் ஆர்டர் வேணும். இன்னிக்கே போட்டுடுங்க."

"நான் பார்த்துக்கறேன்."

எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு முறை. மெக்கானிக் எழுதலாம், நிறுத்தக் கூடாது. நிறுத்துவதற்கு அலுவலகம் உத்தரவு போட வேண்டும். ஷீட்டில் சிவப்பு இருந்தால்தான் உத்தரவு.

அப்போது பதினோரு மாதம் பச்சையாக முடிந்திருந்தது. அது பன்னிரண்டாவது மாதம். கயிறு மாற்ற ஒரு வாரம் ஆகும். துறைக்குச் சிவப்பு போகும். இதில் என்னை மட்டும் நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். மாப்பிள்ளையையும் நினைத்தேன். சிவப்பு எழுதுகிற மெக்கானிக்கை மேனேஜர் வைத்துக்கொள்ள மாட்டார். வேலை போனால் என் தங்கைதானே கண்ணைக் கசக்குவாள்? சொந்தம் என்று இருப்பவன் முன்யோசனையோடு இருக்க வேண்டாமா?

கையால் அந்தக் குறிப்பை அழித்திருக்கலாம். மனசு வரவில்லை. அடுத்தவர் எழுதியதை அழிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. மேக்ரோவைத் திறந்து, எச் என்று இருந்த இடத்தில் ஐ என்று போட்டேன். எடுத்து ஒட்டுகிற ரேஞ்ச் ஒரு நெடுவரிசை அகலமானது. இரண்டு நாள் கழித்து அதைச் செய்தேன் என்று உங்கள் கம்ப்யூட்டர் நிபுணர் கண்டுபிடித்திருக்கிறார். சரிதான். இரண்டு நாளும் யோசித்தேன். அவசரத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அடுத்த முறை கோப்பைத் திறந்தபோது, போன மாதத்தின் வெற்றுக் குறிப்பு வந்து இந்த மாதக் குறிப்பின்மேல் உட்கார்ந்தது. வரி பச்சையானது. மேக்ரோ செய்ததை 'அன்டூ' போட்டுத் திரும்ப எடுக்க முடியாது. எக்செல் அப்படி. அது என் கையில் இல்லை.

மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. லிஃப்ட் கதவில் 'ஓடாது' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டுவிட்டார். கட்டடத்துக்காரர் எனக்குப் போன் செய்தார்.

"என்ன சார், உங்க ஆளு அட்டையை மாட்டிட்டுப் போயிட்டான். ஏழு மாடி ஏறி ஜனங்க என்னைத் திட்டுது. நிஜமாவே ரிப்பேரா?"

ஷீட்டைத் திறந்து பார்த்தேன். பார்க்காமல் பதில் சொல்கிற ஆள் இல்லை நான்.

"எல்லாம் பச்சையாத்தான் சார் இருக்கு."

"அப்ப கழட்டிடவா?"

"ஷீட்ல இருக்கறதைத்தான் நான் சொல்ல முடியும்."

கழற்று என்று நான் சொல்லவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒன்று. நான் எந்தக் கட்டடத்திலும் படியேறித்தான் போவேன். மேக்ரோ எழுதிய மாதத்திலிருந்து அந்தப் பழக்கம். முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னாரா, நானே சொல்லிக்கொண்டேனா என்பது இப்போது நினைவில்லை.

மாதம் முடிய நாலு நாள் இருந்தது. சாயங்காலம் கட்டடத்துக்காரர் மறுபடி போன் செய்தார். இந்த முறை அவரால் பேச முடியவில்லை. பின்னாலிருந்து அலறல் கேட்டது. நான் போனை வைத்துவிட்டு, அந்த மாத ஷீட்டை பிரிண்ட் எடுத்தேன். ஒவ்வொரு மாதமும் அச்செடுத்த தாளில் மெக்கானிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அந்த மாதம் மாப்பிள்ளையின் கையெழுத்து பாக்கி இருந்தது. விதி என்றால் விதிதானே.

கீழே மாப்பிள்ளை பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் செய்தி வந்துவிட்டது. முகம் வெளிறியிருந்தது.

"மச்சான், அந்த லிஃப்டுதான். அட்டையை யாரோ கழட்டியிருக்கான்."

"போய்ப் பாருங்க மாப்பிள்ளை. முதல்ல இதுல ஒரு கையெழுத்து."

"இப்பவா?"

"போட்டுட்டா ஆபீஸ் பக்கம் நான் பார்த்துக்குவேன். படிச்சுட்டுப் போடுங்க."

"நீங்க நீட்டறதைப் படிச்சா போடணும்?"

பைக் சீட்டில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை என் சட்டைப்பையில் அவரே குத்திவிட்டுப் போனார். படிக்கச் சொன்னேன், ஐயா. படிக்கவில்லை. முழுப் பச்சைத் தாளின் கீழே அவர் பெயர். மறுநாள் காலை உங்கள் ஆட்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது, அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தவன் நான். கேட்டார்கள், கொடுத்தேன்.

என் தங்கை அன்றே ஓடிவந்தாள்.

"அண்ணா, அவரு எழுதினேன் எழுதினேன்னு தலையில அடிச்சுக்கறாரு. ஷீட்ல இருக்குமாம். நீங்க பார்த்துச் சொன்னா விட்டுடுவாங்களாம்."

அவள் முன்னாலேயே திறந்து பார்த்தேன்.

"இல்லையேம்மா. நீயே பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். அவளுக்கு எக்செல் தெரியாது. பச்சை தெரியும். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப அவரு என்கிட்டயே பொய் சொல்லிட்டாரா அண்ணா?" என்று கேட்டாள். நான் கோப்பை மூடினேன். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் நடுவில் பேசுவது எனக்குப் பிடிக்காது.

அதன் பிறகு நான் செய்த ஒரே தவறு, பாசம். ஒன்றாம் தேதி நான் அலுவலகத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் மேக்ரோவை நிறுத்திவிட்டு, அந்த லிஃப்டின் வரியைக் கையால் திருத்தியிருப்பேன். ஆனால் தங்கை சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று லீவு போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். காய் வாங்கிக் கொடுத்தேன். ஒழுகிய குழாயைச் சரிபண்ணினேன். 'நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆவேன் அண்ணா' என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

அந்த நேரத்தில் மேனேஜர் கோப்பைத் திறந்திருக்கிறார். துறை அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் கண்ணெதிரே புது மாத ஷீட் பிறந்தது. மேக்ரோ தன் வேலையைச் செய்தது. எடு, ஒட்டு. பள்ளத்தில் நொறுங்கிக் கிடக்கிற லிஃப்டுக்குக் கயிறு சரி, பிரேக் சரி, கதவு சரி. சோதித்தவர் பெயரும் என் ரேஞ்சுக்குள்தான் இருந்தது. டார்ச். அவர் அப்போது உங்கள் லாக்கப்பில் இருந்தார். லாக்கப்பில் இருந்துகொண்டே, விழுந்துபோன லிஃப்டைச் சோதித்து, ஓட்டலாம் என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி சிரித்தாராம். பிறகு சிரிப்பை நிறுத்தினாராம்.

இவ்வளவுதான், ஐயா. மறைக்க ஒன்றுமில்லை. நான்தான் செய்தேன். தெரிந்து செய்தேன். புரி விட்டுப்போன கயிற்றைப் பச்சையாக்கினேன், அட்டை கழற்றப்படும் என்று தெரிந்து அப்படிப் பதில் சொன்னேன், பழி போகட்டும் என்று மாப்பிள்ளையின் கையெழுத்தை வாங்கினேன். லிஃப்டோடு போனவர்களில் ஐந்தாம் மாடி டியூஷன் டீச்சரை எனக்குத் தெரியும். பில் கொடுக்கப் போகும்போது படியில் எதிரே வந்தால் 'லிஃப்ட் கம்பெனிக்காரரே படியேறறீங்களே' என்று கிண்டல் செய்வார். மற்ற இருவர், பால் போடுகிறவரும் இரண்டாம் மாடி மருமகளும், எனக்குப் பழக்கமில்லை.

டீ ஆறிவிட்டது, ஆனாலும் குடித்துவிட்டேன். வாங்கியதை மிச்சம் வைக்கக் கூடாது. இப்போது கணக்கைப் பார்த்துவிடலாம். நீங்கள் டீ கொடுத்தீர்கள், நான் உண்மையைக் கொடுத்தேன், அது நேர். மாப்பிள்ளை வெளியே போகிறார், நான் உள்ளே வருகிறேன், அதுவும் நேர். கதவு வைத்த அறை கேட்டேன், கொடுக்கப்போகிறீர்கள். மேனேஜர் சொன்ன வாக்கும் ஒருவிதமாகத் தீர்ந்தது. தங்கை என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். கோபம், ஆறிவிடும், அதை நான் கழித்துவிட்டேன்.

நிற்கிற பாக்கி மூன்று பேர். அது போன மாதக் கணக்கு, ஐயா.