பச்சைப் பூட்டு

முதலில் இந்த நாற்காலிக்கு ஒரு வழி செய்துவிடுகிறேன் ஐயா. பின்கால் ஒன்று குட்டை. அட்டைத் துண்டை மடித்துச் சொருகினால் ஆடாது. ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா உட்கார முடியாது, தொழில் புத்தி. ஆயிற்று. இனி நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

நேற்று என்னிடம் ரொம்ப அன்பாகப் பேசினீர்கள். “பெரியவரே, இது கவனக்குறைவு. யாருக்கு வேணும்னாலும் நடக்கும். மருமகனப் பறிகொடுத்ததே உங்களுக்குப் பெரிய தண்டனைதான்” என்றீர்கள். தோளில்கூடத் தட்டினீர்கள். வீட்டுக்குப் போனதிலிருந்து அந்த ஒரு சொல் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. கவனக்குறைவாம். அணையில் நின்றே தலை நரைத்தவன் நான். என் ஷிஃப்டில் ஒரு திருகாணி தளர்ந்தது என்று எவனாவது சொல்லட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன். அதனால்தான் இன்று நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை.

எங்கள் அணை வயலுக்குக் கட்டியதல்ல, குடிநீருக்கும் அல்ல. மலைக்கு அந்தப் பக்கத்துச் செம்புச் சுரங்கத்துக்குக் கரண்ட் வேண்டும் என்று கட்டியது. சுரங்கம் ஓடினால்தான் ஊர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, முடிவெட்டுகிறவன் கடை, எல்லாமே அந்த ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. நான் வந்தபோது பாதை இல்லை. கம்பிச் சுருளைத் தோளில் சுமந்து ஏறினோம். முதல் டர்பைன் சுற்றிய அன்று நான் அழுதேன். என் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சந்தோஷம் இல்லை, அதை என் மனைவியிடமே சொல்லியிருக்கிறேன். குடியிருப்பில் படுக்கை ஓரச் சுவரில் கை வைத்தால் டர்பைன் ஓடுவது உள்ளங்கையில் தெரியும். அவள் போன பிறகு நான் தூங்கியது அந்த அதிர்வை நம்பித்தான்.

அணையிலிருந்து மின்நிலையத்துக்குத் தண்ணீர் மலைக்குள்ளே ஒரு குகைவழியாக இறங்கும். நாங்கள் அதைத் தொண்டை என்போம். வருஷத்துக்கு நாலைந்து முறை மேல்கதவை மூடி, தொண்டையை வடித்து, உள்ளே ஆள் இறங்கிச் சுவரைப் பார்ப்பது வழக்கம். இறங்குகிறவன் எவனாக இருந்தாலும் கதவின் விசைக்கம்பியில் தன் பூட்டை மாட்டிவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டு தொங்கும்வரை கதவு அசையாது. ஆளுக்கு ஒரு நிறம். என் மாப்பிள்ளையுடையது பச்சை.

மாப்பிள்ளை கெட்டிக்காரர். சுத்தியலால் சுவரைத் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தப் படிப்புப் படித்தவர் என்றுதானே தேடிப் பிடித்துப் பெண்ணைக் கொடுத்தேன். ஆனால் மறதி. வெளியே ஏறி வந்து, கேன்டீனில் உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருப்பார். இங்கே பூட்டு தொங்கிக்கொண்டிருக்கும், டர்பைன் காத்துக்கிடக்கும். ஒலிபெருக்கியில் மூன்று தரம் கூப்பிட்டு, இறங்குகிறவர்கள் செருப்பைக் கழற்றி வைக்கும் அடுக்கைப் பார்த்துவிட்டு, ஆள் வெளியே வந்தாயிற்று என்று தெரிந்தால் ஷிஃப்ட் தலைவன், அதாவது நான், பூட்டை வெட்டலாம் என்பது விதி. அவர் பூட்டை அப்படி எத்தனை தரம் வெட்டியிருக்கிறேன் என்று கணக்கில்லை. வெட்டுப்பட்டவன் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். கேன்டீன்காரன், “மாப்பிள்ளை மறந்தாத்தான் எனக்கு யாவாரம்” என்பான். அவருக்குப் பச்சைப்பூட்டு என்றே பெயர் விழுந்துவிட்டது. நேற்று நீங்கள் சுலபமாகப் பிடித்துக்கொண்டது இந்தக் கதையைத்தான். இந்த முறை ஆள் உள்ளே இருக்கும்போது கிழவன் அவசரப்பட்டு வெட்டிவிட்டான் என்று முடித்துவிட்டீர்கள்.

அன்று காலை என் வீட்டில் நடந்ததை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், மகள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

“மாமா, கீழ் வளைவுல சுவரு பூரா பொள்ளலா, வெத்துப் பான மாதிரி கேக்குது. இன்னிக்கு இன்னொரு தடவ தட்டிப் பாத்துட்டு, சாயங்காலம் மேலிடத்துக்குச் சொல்லிடப் போறேன். தண்ணி விடக் கூடாது.”

“எத்தன நாளைக்கு மாப்ள?”

“நாளா? வருஷக்கணக்குல ஆகும் மாமா. மொத்தமா உடைச்சுக் கட்டணும்.”

“அதுவரைக்கும் சுரங்கம்?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “மூட வேண்டியதுதான்” என்றார். கடையை மூடுவதுபோல அத்தனை லேசாகச் சொன்னார். மகள் குறுக்கே வந்தாள். “அப்பா, அந்தச் சுவரு உடைஞ்சா மொதல்ல தண்ணி வர்றது நம்ம வீட்டுக்குத்தானே? அவரு சொல்றதக் கேளுங்களேன்.” நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தட்டினால் சத்தம் வராத சுவர் எங்கே இருக்கிறது? எனக்கும்தான் தட்டினால் நெஞ்சில் சத்தம் வருகிறது. அதற்காக என்னைக் குழியில் இறக்கிவிடுவீர்களா?

ஒரு மனிதர் நேர்மையாக இருக்கலாம் ஐயா, தப்பில்லை. தன் நேர்மைக்காக ஒரு ஊரையே இருட்டாக்குவேன் என்றால் யாராவது ஒருவர் குறுக்கே நிற்கத்தான் வேண்டும். வேறு எவனுக்கும் அந்தத் துணிச்சல் கிடையாது.

மதியச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை மேலே ஏறி வந்தார். கேன்டீனில் எல்லோரும் பார்க்கும்படி சாப்பிட்டார். பிறகு திரும்ப இறங்கினார். அதை நான் ஒருவன்தான் பார்த்தேன்; தொண்டைக்குள் இறங்கும் ஏணிக்கிணற்றின் வாயில் அவருக்கு விளக்கு பிடித்ததே நான்தான். “பாத்து இறங்குங்க மாப்ள, படி வழுக்கும்” என்றுகூடச் சொன்னேன். வழுக்கியிருந்தால் எனக்கு வேலை மிச்சம் என்று நினைக்கவில்லை. உண்மையிலேயே அக்கறையாகத்தான் சொன்னேன்.

சுரங்கத்திலிருந்து போன் வந்தது, கரண்ட் எப்போது வரும் என்று. என் உதவியாளன், நாங்கள் சோடாபுட்டி என்று கூப்பிடுகிற பையன், விசைக்கம்பியைப் பார்த்துச் சிரித்தான். “பச்சைப்பூட்டு மறுபடியும் மறந்துட்டாரு சார். இன்னிக்கு டீ உண்டு.”

நான் மறுக்கவில்லை. ஒலிபெருக்கியில் மூன்று தரம் கூப்பிட்டேன். அது கேன்டீனுக்குக் கேட்கும், குடியிருப்புக்குக் கேட்கும், தொண்டைக்குள் கேட்காது.

“செருப்பு அடுக்கு பாத்தீங்களா சார்?” என்று சோடாபுட்டி கேட்டான். பரவாயில்லை, சொல்லிக் கொடுத்ததை மறக்காதவன்.

“பாத்தாச்சு” என்றேன். அதில் பொய் இல்லை. பார்த்தேன். மாப்பிள்ளையின் செருப்பு மேல்தட்டில், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது. செருப்பு இருந்தால் ஆள் உள்ளே. அதை நான் ஒளித்துவைக்கவும் இல்லை. நீங்கள் வந்து விசாரித்த அன்றும் அங்கேயேதான் இருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கரண்ட் வருகிறது என்று சுரங்கத்துக்குச் சொல்லவும் டர்பைனைத் தயார் செய்யவும் சோடாபுட்டியைக் கீழே மின்நிலையத்துக்கு அனுப்பினேன். பூட்டை வெட்டினேன். கதவை ஒரு விரற்கடை தூக்கினேன். தொண்டை மெதுவாகத்தான் நிறைய வேண்டும், இல்லாவிட்டால் சுவருக்கு ஆகாது. அதில் நான் எப்போதும் நிதானம்.

கொஞ்ச நேரத்தில் காற்றுக் குழாயில் சத்தம் கேட்டது. உள்ளே போகிறவன் மூச்சுவிட, மேலிருந்து கீழ் வளைவுவரை ஓடுகிற இரும்புக் குழாய் அது. ஆபத்து என்றால் அதைத் தட்ட வேண்டும். மாப்பிள்ளை சுத்தியலால் தட்டினார். கணீர் கணீரென்று வந்தது. அந்தச் சுத்தியல் அவர் தாமே தேடி வாங்கியது, நல்ல எஃகு. அப்போது கதவை இறக்கியிருந்தால் ஆள் நனைந்ததோடு தப்பியிருப்பார். இறக்கக் கை எழவில்லை என்று சொன்னால் நீங்கள் பரிதாபப்படுவீர்கள். அப்படி இல்லை. கை எழுந்தது. இன்னும் தூக்கினேன். சத்தம் நின்ற பிறகும் அளவு பார்த்துத்தான் தூக்கினேன். சோடாபுட்டி திரும்பி வந்தபோது டர்பைன் சுற்ற ஆரம்பித்திருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதுங்கள்.

உடலை எடுக்கத் தொண்டையை மறுபடியும் வடித்தார்கள். வெளியூரிலிருந்து நிபுணர்கள் வந்து கீழ் வளைவைத் தட்டினார்கள். மாப்பிள்ளை சொன்னதையேதான் சொன்னார்கள், இன்னும் மோசமாகச் சொன்னார்கள். அணையை மூடிவிட்டார்கள். சுரங்கமும் போயிற்று. ஜனங்கள் பாத்திரம் பண்டத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். இதெல்லாம் வீண்தானே என்று உங்கள் முகம் கேட்கிறது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீர் உள்ளே இருந்தவரை அதன் பலத்தில் சுவர் நின்றது. அவசரப்பட்டு இரண்டாம் முறை வடித்ததால்தான் பழுதானது. என்னைக் கேட்டிருந்தால் அப்படியே விட்டிருப்பேன்.

மகள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எல்லோரும் துக்கம் விசாரித்துப் போன பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“அவரு நிஜமாவே பூட்ட மறந்துட்டாராப்பா?”

செத்தவர்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. “இல்லம்மா. அன்னிக்கு மறக்கல” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிடித்திருந்த கையை விட்டாள். விடிந்தபோது அவள் அறை காலியாக இருந்தது. அவள் நாத்தனார் வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். போன் செய்தால் எடுப்பதில்லை.

ஆகவே, கவனக்குறைவு என்று எழுதியதை அடித்துவிடுங்கள். ஆள் உள்ளே இருப்பது தெரிந்து, பூட்டை வெட்டி, சத்தத்தைக் கேட்டு, கதவைத் திறந்தேன். கையெழுத்து எங்கே வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். தலை குனிய மட்டும் சொல்லாதீர்கள்.

மகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை ஐயா. சின்னப் பெண், கோபம் ஆறினால் வந்துவிடுவாள். ஒரு மாப்பிள்ளையைத் தேடிக் கொடுத்தவனுக்கு இன்னொருவரைத் தேடத் தெரியாதா? இந்த முறை சுவரைத் தட்டிப் பார்க்காத ஆளாகப் பார்த்துக் கொடுப்பேன்.