இடது மூலையில் ஒரு முகம்

சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போதே வரைந்து முடித்துவிட வேண்டும், நீதிபதி ஐயா. எங்கள் ஊர்த் தேவாலயத்தின் மேற்குச் சுவரில் இறுதித் தீர்ப்பை அப்படித்தான் வரைந்தேன். அன்றன்று பூசிய பகுதியை அன்றன்றே வரைந்ததில் நூற்றுப் பத்து நாள் பிடித்தது.

நடுவில் கிறிஸ்து. எல்லாரிலும் பெரியவர் என்பதால் உருவத்திலும் பெரியவர். அவருடைய வலக்கைப் பக்கம் மீட்கப்பட்டவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். இடக்கைப் பக்கம் நரகம். அங்கே வரிசை கிடையாது. அவ்வளவு இருட்டில் பார்க்கிறவன் கண் தங்குவதற்கு வெளிறிய இடம் ஒன்று வேண்டும். அதனால் கீழ் மூலையில் ஒரு பெண்ணை வைத்தேன். கிறிஸ்துவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுக்குத் தீட்டும் மஞ்சளில் முக்காடு, கையில் இறந்த குழந்தை. மருத்துவச்சி தெஸ்ஸாவின் முகம் அதற்குப் பொருந்தியது.

நான் வரைந்து முடித்த கோடையில் காய்ச்சல் கண்டு ஒன்பது பிள்ளைகள் இறந்தன. எங்கள் ஊரில் எழுத்துத் தெரிந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் சுவரைத்தான் படிப்பார்கள்.

தெஸ்ஸா என்னைத் தேடி வந்தாள்.

"லாப்போ அண்ணே, அடுப்புக்காரி எனக்கு ரொட்டி தரமாட்டேங்கிறா. என்னயக் கண்டா புள்ளைங்கள உள்ள இழுத்துக்கிறாளுங்க. அந்த மூஞ்சிய மட்டும் மாத்திடுண்ணே."

"சுண்ணாம்பு காஞ்சிருச்சு தெஸ்ஸா. இனி ஒண்ணும் பண்ண முடியாது."

"உன் கை போட்டதுதானேண்ணே? உன்னாலயே முடியாதா?"

நான் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பெண்கள்தான் அவளை ஆலைக் குட்டைக்கு இழுத்துப் போனார்கள். அவள் அடங்கும்வரை தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவள் அவள். நான் கரையில் நின்றேன். கை வைக்கவில்லை.

பாதிரியார் சொன்னதால் மறுநாள் அந்த முகத்தின் மேல் தீச்சுடர் வரைந்தேன். முட்டைக்கருவில் குழைத்தால் காய்ந்த சுவரிலும் நிறம் பிடிக்கும். ஒரு மணி நேர வேலை. ஆனால் மழைக்குச் சுவர் ஈரம் கோத்ததும் அவள் முகம் மேலே வந்துவிடுகிறது. ஏழு முறை மூடியாயிற்று. நான் வரைந்தது மூடிய கண்கள், ஐயா. இப்போது அவை திறந்திருக்கின்றன.

பகை இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் என் மனைவி பீச்சேயும் பிள்ளையும் பிரசவத்தில் போனபோது தெஸ்ஸாதான் பக்கத்தில் இருந்தாள். பாவம், இரண்டு நாள் கண்மூடாமல் பாடுபட்டாள். நான் அவளை அப்போதே மன்னித்துவிட்டேன். தெஸ்ஸாவைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்; பகையால் என்று மட்டும் எழுதாதீர்கள். மன்னித்த பிறகுதான் கரித்துண்டை எடுத்து, அழுதுகொண்டிருந்த அவள் முகத்தை ஒரு பலகையில் வரைந்து பத்திரப்படுத்தினேன்.